ஜாமர் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

போன வாரம் ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன் இவர் வீட்டுக்கு மேலேயே ட்ரோன் விட்டுக்கொண்டிருக்கிறானாம். "ட்ரோனின் சிக்னலை அடைக்கிற ஜாமர் ஒன்றை வாங்கி வைத்துவிடட்டுமா? அந்த அலைவரிசைக்கு லைசன்ஸே வேண்டாமாமே. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நான் சத்தம் போட்டால் என்ன தப்பு?" இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ட்ரோனை ஓட்டுவது ரிமோட்தான். ஆனால் ரிமோட் என்றதும் ஞாபகம் வருகிற டிவி ரிமோட் பெரும்பாலும் ரேடியோவே இல்லை. அது அகச்சிவப்பு ஒளி. நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும். குறுக்கே ஒருவர் நின்றாலே வேலை செய்யாது. கார் சாவி, கேட் ரிமோட், வயர்லெஸ் காலிங் பெல் ஆகியவைதான் ரேடியோ. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கார் சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் 433.92. பழைய பொம்மைக் கார்களுக்கு 27 அல்லது 49. நண்பரைத் தூங்கவிடாத ட்ரோன் அநேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையும் புளூடூத்தும் நெருக்கியடித்துக் குடியிருக்கிற அதே சந்து.

இந்தச் சந்துகளில் நடக்க லைசன்ஸ் வேண்டாம் என்பது உண்மை. பதிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் இருக்கும் கருவியால் தற்செயலாக இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் "அப்படியானால் நான் வேண்டுமென்றே இடைஞ்சல் செய்தாலும் அவன் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று வக்கீல் மாதிரி வாதாடுகிறார்கள். கூட்டத்தில் தோள் இடிபடுவதும், ஒருவன் கையை விரித்து வழியை மறிப்பதும் ஒன்றா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 333ஆவது பிரிவு, அனுமதி பெற்ற எந்த ரேடியோத் தொடர்பையும் வேண்டுமென்றே குலைப்பதைத் தடைசெய்கிறது. வைஃபை போல லைசன்ஸ் இல்லாத கருவிகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2014இல் விடை கிடைத்தது. நாஷ்வில் நகரில் மேரியட் நிர்வகித்த ஒரு ஓட்டல், விருந்தினர்கள் சொந்த ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ள முடியாதபடி இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் 6 லட்சம் டாலர் கட்டித்தான் அந்த விவகாரத்தை முடித்தார்கள். கட்டடம் அவர்களுடையது, காற்று அவர்களுடையது இல்லை. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதே வேலையைச் செய்கிறது. இந்தியாவிலும் அரசு அனுமதியில்லாமல் தனியார் ஜாமர் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று 2022இல் தொலைத்தொடர்புத் துறை நினைவூட்டியது.

சரி, ட்ரோனை மட்டும் குறிவைத்து அடைக்கிறேன் என்றால்? ஜாமர் ட்ரோனையோ ரிமோட்டையோ தேடிப்போய்ப் பிடிக்காது. அந்த அலைவரிசையில் ஓயாமல் கத்தும், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் அத்தனை ரிசீவருக்கும் காது அடைத்துவிடும். கார் சாவியின் அலைவரிசையிலும் இதே கதைதான். சாவியின் சக்தி ஒரு பொத்தான் பேட்டரி, சில மில்லிவாட். அதன் குரலை அடக்க என்ன பெரிய கருவி வேண்டும்?

2019இல் ஒஹையோவின் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு பகுதி முழுக்கக் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு வீட்டில் ஒருவர் தானே செய்து வைத்திருந்த பேட்டரிக் கருவி 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. எண்ணமே இல்லாமல் இந்தக் கதி என்றால், எண்ணத்தோடு வாங்கும் மலிவு ஜாமர் எங்கே நிற்கும்? 433க்குக் கொஞ்சம் கீழே, 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை, உடலுக்குள் பொருத்திய மருத்துவக் கருவிகள் பேசுகின்றன. சுத்தமாக வடிகட்டாத ஜாமருக்கு எல்லைக்கோடு தெரியாது.

ஆனால் சட்டத்தை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்ளும் கார் உற்பத்தியாளர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். சாமி கம்கார் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2015இல் 'ரோல்ஜாம்' என்ற சின்னக் கருவியைக் காட்டினார். நீங்கள் பொத்தானை அமுக்கும்போது அது காரின் காதை அடைத்து, சாவி அனுப்பும் குறியீட்டைப் பதிந்துகொள்ளும். கார் திறக்கவில்லையே என்று மறுபடி அமுக்குவீர்கள். இரண்டாவதையும் பதிந்துகொண்டு, முதலாவதை அனுப்பிக் காரைத் திறந்துவிடும். உங்களுக்குச் சந்தேகமே வராது. பயன்படுத்தாத இரண்டாவது குறியீடு திருடன் பையில். ஒவ்வொரு முறையும் மாறும் குறியீடு என்ற பெருமையெல்லாம் இங்கே செல்லாது. குறியீட்டுக்குச் சில நொடி ஆயுள் வைத்தாலே அந்தத் திருட்டு பெரும்பாலும் செத்துப்போகும். அதைக்கூடச் செய்யாமல் விற்றுவிட்டு, "ஜாமர் சட்டவிரோதம்" என்றால் திருடன் என்ன கைகட்டி நிற்பானா?

எனக்கே ஒருமுறை நடந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். வந்து பார்த்தால் கார் பூட்டாமலே நின்றது. அன்று ஜாமரா, என் சோம்பலா என்று தெரியாது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

நண்பருக்கு ஒன்று. சிக்னல் அறுந்த ட்ரோன் அமைப்பைப் பொறுத்துக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும், அல்லது இருக்கிற இடத்திலேயே இறங்கும். இருக்கிற இடம் என்றால் உங்கள் தலைக்கு மேல். பேசாமல் அந்தப் பையனின் அப்பாவைப் போய்ப் பாருங்கள்.