பெண்டில் சூனியக்காரிகள் எரிக்கப்படவில்லை

1612-ல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், பெண்டில் என்ற குன்றுப் பகுதியைச் சேர்ந்த சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்குதான். எரிப்பதெல்லாம் ஸ்காட்லாந்து வழக்கம், அங்கேயும் பெரும்பாலும் கழுத்தை நெரித்த பிறகு. ஆகஸ்ட் 20 அன்று லங்காஸ்டரில் தூக்கில் தொங்கியவர்கள் பத்துப் பேர். அதில் இருவர் ஆண்கள், எனவே 'சூனியக்காரிகள்' என்பதும் பாதி சரிதான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான டெம்டைக் கிழவி இந்தக் கணக்கில் வரமாட்டார், விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டார்.

தொடக்கம் ரொம்பச் சின்ன விஷயம். அந்த மார்ச்சில் அலிசன் டிவைஸ் என்ற பெண், ஜான் லா என்ற நடைவியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் தரவில்லை. சற்று நேரத்தில் சுருண்டு விழுந்தார். இன்று பார்த்தால் பக்கவாதம் என்றுதான் தோன்றும். ஆனால் அலிசனே தன் சாபம்தான் பலித்துவிட்டது என்று நம்பி, ஒப்புக்கொண்டும்விட்டாள்! அப்புறம் வழக்கு பெரிதானது. அவளுடைய தங்கை ஜென்னட்டுக்கு ஒன்பது வயது இருக்கும். நீதிமன்றத்தில் மேசைமேல் அவளை நிற்கவைத்து, பெற்ற தாய்க்கு எதிராகவே சாட்சி சொல்லவைத்தார்கள். எனக்கு அந்த இடம்தான் தீயைவிடக் கொடுமையாகப் படுகிறது.