கொல்லத்தான் செய்கிறோம், கையெழுத்துதான் போடுவதில்லை

2025 மார்ச் 17ஆம் தேதி, கேரளத்தின் வண்டிப்பெரியாறு பக்கம் அரணக்கல் எஸ்டேட்டில் ஒரு புலி செத்தது. காலில் காயத்தோடு கிராம்பி பகுதியில் சில நாட்களாகத் திரிந்துகொண்டிருந்த புலி. கூண்டு வைத்தார்கள், ஏறவில்லை. அங்கிருந்து அரணக்கல்லுக்கு வந்து ஒரு பசுவையும் ஒரு நாயையும் அடித்தது. வனத்துறையினர் மயக்க ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்கு அது அடங்கவில்லை. இரண்டாவது ஊசி பட்டதும் பாய்ந்துவிட்டது. ஊழியரின் தலைக்கவசமும் கேடயமும் அடி வாங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் சுட்டார்கள்.

அன்று என் முகநூலில் இரண்டு கட்சி. "காயப்பட்ட ஜீவனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க" என்று ஒன்று. "முதல் நாளே சுட்டிருக்கணும்" என்று இன்னொன்று. இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி ஒன்றுதான் எனக்குத் தோன்றியது: அந்தப் புலி தேறுமா, தேறாதா? தேறும் என்றால் எங்கே வைத்து வைத்தியம் பார்ப்பது? தேறாது என்றால் அதன் கடைசி நாட்களை யார், எப்படி முடித்து வைப்பது? இதை ஒரு கால்நடை மருத்துவர் எழுத்தில் சொல்லி, ஒரு அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போட்டு, மறுநாள் அதைப் பொதுவில் வைத்தால் என்ன?

எங்கள் குடும்பத்துக்குக் கூடலூர் பக்கம் கொஞ்சம் தேயிலை உண்டு. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குனிந்து நிற்கும் உயரமும், புலிக்கோ சிறுத்தைக்கோ மான் போலத் தெரியும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. இதைச் சொல்லி விடுகிறேன், நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று தெரியட்டும். புலி மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்கும் கிடையாது. நல்ல உடம்போடு இருக்கும் புலி வருடக்கணக்கில் எஸ்டேட் ஓரமாகப் போய் வந்துகொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட ஆரம்பித்தால், அதுவும் பகலில், தொழுவத்துக்குப் பக்கத்தில் என்றால், அதற்கு ஏதோ ஆகியிருக்கிறது. பல் உடைந்திருக்கலாம், முள்ளம்பன்றி முள் ஏறியிருக்கலாம், சுருக்குக் கம்பி காலை அறுத்திருக்கலாம், வயதாகியிருக்கலாம். மான் பிடிக்க முடியாத புலிக்குக் கட்டிப் போட்ட மாடுதான் சாப்பாடு.

இப்படிப்பட்ட விலங்குக்கு நம்மிடம் இருக்கும் வழக்கமான பதில்கள் இரண்டு. பிடித்துக் காட்டில் விடுவது, அல்லது பிடித்துக் கூண்டில் வைப்பது. இரண்டையும் கருணை என்கிறோம்.

காட்டில் விடுவதற்கு மூணாறு புலியை விட நல்ல உதாரணம் கிடையாது. 2022 அக்டோபரில் நேமக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர்களின் மாடுகளைத் தொழுவத்திலேயே அடுத்தடுத்து அடித்துப்போட்டது அது. அந்த மாடுகளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்தான். தோட்டச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது என்பதால் பால் ஊற்றிப் பிழைக்கிறவர்கள். சாலை மறியலுக்குப் பிறகு கூண்டு வந்தது, புலி சிக்கியது. பரிசோதித்தால் இடது கண்ணில் புரை. இயற்கையான இரையை அதனால் பிடிக்க முடியாது, காட்டில் விட்டால் பிழைக்காது என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் என்ன நடந்ததோ, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கூண்டுக் கதவு திறப்பதை வீடியோவில் பார்த்து எல்லோரும் இதயம் போட்டார்கள். பத்து நாள் கூட ஆகவில்லை. ஏரியில் கிடந்த மீன் வலையில் சிக்கி, தண்ணீரில் மூழ்கிச் செத்துக் கிடந்தது.

ஒரு கண் மங்கலான விலங்கு. பழக்கமே இல்லாத காடு. அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வாழும் மற்ற புலிகள். இதில் அது பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம். அதை விட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்த நிமிடத்தில் அந்த விலங்கு நம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அப்புறம் செத்தால் அது "இயற்கை".

இத்தனைக்கும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறை, காயப்பட்ட அல்லது முடமான புலியைத் திரும்பக் காட்டில் விடக்கூடாது, மிருகக்காட்சி சாலைக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆரோக்கியமான விலங்கையே இடம் மாற்றி விடுவதில் எத்தனை ஆபத்து என்று மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் காட்டிக்கொடுத்தது. அங்கே சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விடும் வேலை 2001க்குப் பிறகு மும்முரமாக நடந்தது. அதற்கு முன் வருடத்துக்குச் சராசரியாக 4 என்றிருந்த மனிதர் மீதான தாக்குதல், பிறகு 17 ஆனது என்று வன உயிரின ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு சொன்னது. 2014இல் கர்நாடகத்தின் சிக்கமகளூரில் பிடித்த ஒரு புலியைக் காலர் மாட்டி பீம்கட் சரணாலயம் பக்கம் விட்டார்கள். அது கானாபூர் பகுதியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொன்றது. பிறகு சுட்டார்கள். விட்டது வனத்துறை, செத்தது வயலில் நின்ற பெண். சிக்கமகளூரின் பிரச்சினைக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

சரி, கூண்டு? எங்கள் பக்கத்தில், வனத்துறை டி23 என்று எண் கொடுத்த புலியை எல்லோருக்கும் தெரியும். நான்கு மனித உயிர்கள் அதன் கணக்கில். 2021 அக்டோபர் தொடக்கத்தில் வேட்டையாட உத்தரவு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம், உடனே கொன்றுவிடாதீர்கள், பிடிக்கப் பாருங்கள் என்றது. கும்கி யானைகள், மோப்ப நாய், ட்ரோன், தானியங்கி கேமரா என்று எல்லாம் இறக்கி, காட்டை உள்ளங்கை போல அறிந்த பழங்குடித் தடம் பார்ப்பவர்களையும் வைத்துத் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மசினகுடி பக்கம் உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை, குறிப்பாக வேட்டைத் தடுப்புக் காவலர்களை, நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

ஆனால் பிடிபட்டபோது அதற்கு வயது சுமார் 13. காட்டுப் புலிக்கு அது முதுமை. உடம்பில் காயங்கள். வாழ்நாள் முழுக்க மனிதரைத் தவிர்த்தே பழகிய ஒரு விலங்கை, மனித வாடை எந்நேரமும் வீசும் சுவருக்குள் வைத்து மிச்ச நாளைக் கழிக்க வைப்பதைத்தான் நாம் வெற்றி என்று கொண்டாடினோம். அதைக் கொன்றிருக்க வேண்டும் என்று நான் இப்போது உட்கார்ந்து தீர்ப்பு எழுதவில்லை. காயம் ஆறக்கூடியதா என்று பார்த்த மருத்துவர்கள் நான் இல்லை. நம் கொண்டாட்டத்தில் அந்த விலங்கின் நிலைமை ஒரு வரி கூட இடம்பெறவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். புலி, சிறுத்தை போன்ற, அதிகப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணை விலங்குகள் மனித உயிருக்கு ஆபத்தானாலோ, தேறவே முடியாத அளவுக்கு முடமானாலோ நோயுற்றாலோ, தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுதி வைத்து வேட்டையாட அனுமதிக்கலாம். "தேற முடியாத அளவுக்கு" என்பது சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிரிவு, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று திருப்தி ஏற்பட்டால் ஒழியக் கொல்ல உத்தரவிடக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல உடம்போடு இருக்கும் விலங்குக்கு இது கட்டாயம் தேவையான வேலி. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு எம்எல்ஏவும் ஒரு புலியைச் சுடச் சொல்வார். தேறாத விலங்கின் விஷயத்தில்தான் சிக்கல். அது ஓட முடியாமல் கிடக்கிறது, எனவே சுலபமாகப் பிடிக்கலாம், பிடிக்கலாம் என்பதால் கொல்லக் கூடாது, எனவே பிடித்து வேதனையோடு வாழ வை. இப்படி ஒரு வாசிப்புக்கு இடம் கொடுக்கும் இடத்தைத் தெளிவாக்க வேண்டும் என்கிறேன். மிருகக்காட்சி சாலைகளுக்கான விதிகளில், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் அளவுக்கு வேதனைப்படும் விலங்கைக் கருணைக்கொலை செய்ய வழி இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் புலிக்கு உள்ள இந்தச் சலுகை வெளியில் கிடக்கும் புலிக்கும் வேண்டாமா?

மயக்க ஊசி பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சினிமாவில் ஊசி பட்டதும் விலங்கு சாய்ந்துவிடும். நிஜத்தில் கெட்டமைன், சைலசின் போன்ற மருந்துகள் வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு அளவு போடுகிறார்கள். விலங்கு பயத்தில் பதறிக்கொண்டிருந்தால் அதே அளவு போதாமல் போகும். பட்டினியில் வற்றிப்போன விலங்கென்றால் அதே அளவு அதன் உயிரையே முடித்துவிடும். பசியும் காயமும் பதற்றமும் ஒன்றாக இருக்கும் விலங்குக்கு எந்தக் கணக்கைப் போடுவது? அரணக்கல்லில் நடந்ததை இதை வைத்துப் பார்த்தால், அந்தக் குழு எவ்வளவு மோசமான சூழ்நிலையில் நின்றது என்று புரியும்.

நோய் என்றால் கதையே வேறு. 2003இல் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் போக்ரோவ்கா என்ற கிராமத்துக்குள் ஒரு பெண் புலி சாதாரணமாக நடந்து வந்தது. யார் மீதும் பாயவில்லை, எதற்கும் அசையவும் இல்லை. பிடித்து வைத்தார்கள், சில வாரங்களில் செத்தது. நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் மூளைக்குப் போயிருந்தது பின்னால் தெரிந்தது. இப்படி ஒன்றை "பாவம், அமைதியாக இருக்கிறது, காட்டில் விட்டுவிடலாம்" என்று விட்டிருந்தால்? 2018இல் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் மூன்று வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. அவற்றிலும் இந்த வைரஸைக் கண்டுபிடித்து, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள். ஒன்றைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு காட்டையே பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு பக்கம், 2023 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில், இக்லேரா கிராமத்து மக்கள் ஒரு நோயுற்ற சிறுத்தையைச் சுற்றி நின்று தடவிக்கொடுத்து, செல்ஃபி எடுத்து, அதன் முதுகில் ஏறவும் பார்த்தார்கள். தள்ளாடிய சிறுத்தைக்கு எதிர்க்கவும் தெம்பில்லை. அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் எத்தனை பேர் "கருணைக்கொலை" என்ற சொல்லைக் கேட்டதும் மிருகாபிமானி ஆவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் கொல்லச் சொல்கிறேன் என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அதே ரஷ்யாவில் 2012 குளிர்காலத்தில் தாயில்லாமல் பட்டினியில் கிடந்த ஒரு குட்டியை எடுத்தார்கள். உறைபனியில் வால் நுனி போயிருந்தது. ஜோலுஷ்கா என்று பெயர் வைத்து, மனித முகம் பழகாமல் வளர்த்து, உயிருள்ள இரையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள விட்டு, 2013இல் பாஸ்டக் காப்பகத்தில் விட்டார்கள். பின்னர் அது குட்டிகளும் போட்டது. இளம் விலங்கு, ஆறும் காயம், காலியாக இருந்த காடு, பொறுமையாகச் செலவழித்த ஒரு வருடம். இந்த நான்கும் கூடி வந்தால் விடுங்கள், நானும் இதயம் போடுகிறேன். 2021இல் வால்பாறை முடீஸ் பக்கம் முள்ளம்பன்றி முள் ஏறி மெலிந்து கிடந்த குட்டியைக் காப்பாற்றி, மந்திரிமட்டத்தில் பெரிய அடைப்பு கட்டி வளர்த்தது நம் வனத்துறைதான். அந்த முயற்சியை நான் குறை சொல்ல மாட்டேன்.

"அவங்க காட்டுல நாமதானே போய் உட்கார்ந்திருக்கோம்" என்ற பின்னூட்டம் கட்டாயம் வரும். முன்கூட்டியே பதில். தேயிலை எஸ்டேட் போட்டவர்கள் வெள்ளைக்காரத் துரைகள். கங்காணி கூட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பாடி எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள், அந்த வீடு கூட அவர்களுடையது இல்லை. காட்டுக்குச் செய்த பாவத்தின் தண்டனையை அவர்கள் தனியாக அனுபவிக்க வேண்டும் என்று அடுக்குமாடி வீட்டிலிருந்து தீர்ப்பு சொல்லாதீர்கள். இன்னொன்றும் உண்டு. அரசு முடிவெடுக்காமல் நாளைக் கடத்தினால் யாரோ ஒருவர் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து ஊற்றுவார். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சியில் இரண்டு புலிகள் அப்படித்தான் செத்தன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு காப்பகத்துக்கும் நிரந்தரமாக ஒரு வன கால்நடை மருத்துவர். அயல் பணியில் வந்து ஆறு மாதத்தில் மாறிப் போகிறவர் வேண்டாம். நோயுற்ற விலங்கு தென்பட்டால் இரண்டே நாளில், இது தேறுமா என்பதற்கு மருத்துவர்களின் எழுத்துபூர்வமான பதில். கோரைப்பல் எத்தனை மிச்சம், கண் தெரிகிறதா, எலும்பு கூடுமா, மூளையில் நோயா என்று அளக்கக்கூடிய விஷயங்களை வைத்து. தேறாது என்றால், பிடித்து மயக்கத்தில் இருக்கும்போதே இன்னொரு ஊசி. கூட்டம் இல்லை, துப்பாக்கி இல்லை, டிவி கேமரா இல்லை. அப்புறம் பிரேதப் பரிசோதனை அறிக்கையை அப்படியே வெளியிட வேண்டும். அவர்கள் முடிவு தவறென்றால் அதிலேயே தெரிந்துவிடும். தவறு செய்ய அதிகாரிகள் பயப்படட்டும், முடிவெடுக்கப் பயப்படக் கூடாது.

இதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதும் தெரியும். சுருக்குக் கம்பி வைப்பவனைப் பிடிப்பது, எஸ்டேட் ஓர நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது, மாடு போனால் ஒரு வாரத்தில் இழப்பீடு தருவது. மாட்டுக்கான இழப்பீடு பற்றி உங்கள் ஊர் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், எத்தனை மாதம் ஆனது என்று மட்டும் மறக்காமல் போடுங்கள்.