புதிதாகக் குடிவந்தவர்களும் முறையிடலாம்
"குடிவந்த முதல் வருடம் சொத்து வரி உயர்வை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது" என்று சிலர் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கெடு பொதுவாக மதிப்பீட்டு அறிவிப்பின் (வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று வரி அலுவலகம் அனுப்பும் கடிதம்) தேதியிலிருந்து ஓடும், நீங்கள் பால் காய்ச்சிய நாளிலிருந்து அல்ல. அந்த அறிவிப்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே வந்திருக்கலாம், பிரிக்காமல் வைத்த உறைகளையும் பாருங்கள். வரி விகிதத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, கேள்வி கேட்க வேண்டியது மதிப்பீட்டைத்தான். வரி அலுவலகத்தில் இருக்கும் உங்கள் வீட்டு விவரப் பதிவின் நகலை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். என் பதிவில் இரண்டு படுக்கையறை மூன்றாக ஏறியிருந்தது, தரைப்பரப்பும் கூடுதல். நானே டேப் பிடித்து அளந்து, வரைபடமும் புகைப்படமும் இணைத்துக் கொடுத்த பிறகுதான் குறைத்தார்கள். அப்புறம், முறையீடு நடக்கும்போதும் வரியைக் கட்டிவிடுங்கள், கட்டாமல் விட்டால் அபராத வட்டி ஏறுவது பெரும்பாலும் நிற்காது.