மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் பேசியது காதில் விழுந்தது: "வந்திருக்கிறார். எத்தனை நாளைக்கோ!" மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் யாரைப் பற்றிச் சொன்னாரோ, அவர் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவரை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எங்கள் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். பிறகு குடி வந்தது, வேலை போனது, ஏழு ஆண்டுகள் ஆலயத்தின் பக்கமே அவர் வரவில்லை. குடியை விட்டு இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. நான்கு மாதமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். திருவிருந்துக்கும் எல்லாரும் போன பிறகுதான் எழுந்து போகிறார். மீண்டும் பாடகர் குழுவில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, "கொஞ்ச காலம் பார்ப்போம்" என்று முடித்துவிட்டார்கள். எத்தனை காலம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

வாசலில் கேட்ட அந்தப் பேச்சுக்குப் பிறகு வேதாகமத்தில் வரும் மாற்குவின் நினைவாகவே இருக்கிறேன்.

எருசலேமில் ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளை அவர். சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட பேதுரு நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டியது மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில்தான். பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது உதவியாளராக மாற்குவும் கூடப் போனார். சீப்புருதீவு முழுவதும் கூடவே இருந்தார். பம்பிலியா நாட்டின் பெர்கேயில் கரை இறங்கிய பிறகு, அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் காரணம் சொல்லவில்லை. எதிரே, கடந்து போக வேண்டிய டாரஸ் மலைகள் இருந்தன. பயமோ, களைப்போ, வீட்டு நினைவோ! ஊழியத்துக்கென்று அனுப்பிவைத்த பிள்ளை பாதி வழியில் திரும்பி வந்தால் என்னென்ன பேச்சு கிளம்பும் என்பது நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. கூடவே கூடாது என்றார் பவுல். "கடுங்கோபம் மூண்டது" என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோபத்தில் இருவரும் பிரிந்தே போனார்கள்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு பவுல் எருசலேமுக்கு வந்தபோது, இவன் நம்மை வேட்டையாடியவன் என்று சீஷர்கள் அத்தனைபேரும் பயந்து ஒதுங்கினார்கள். அன்று அவரைக் கையோடு அழைத்துப்போய் அப்போஸ்தலர்கள் முன் நிறுத்தியவர் இதே பர்னபாதான். அப்படி உள்ளே வந்தவரே இன்னொருவனுக்குக் கதவை அடைக்கிறார்.

பர்னபா என்ன செய்தார்? மாற்குவை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறிச் சீப்புருதீவுக்குப் போனார். அதன் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் கதையே இல்லை. புத்தகம் பவுலின் பின்னால் போய்விடுகிறது. அந்த நல்ல மனிதர் தம் பெயரையும் பவுலின் நட்பையும் சேர்த்துக் கொடுத்துத்தான் ஓர் இளைஞனைக் காப்பாற்றினார். தேவன் மன்னிக்கிறார் என்று மேடைகளில் ஓயாமல் சொல்கிறோம். அந்த மன்னிப்பு ஒரு மனிதனிடம் போய்ச் சேர இன்னொரு மனிதன் தன் பெயரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. எழுப்புதல் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், பின்மாற்றக்காரரே திரும்பி வாருங்கள் என்று கண்ணீரோடு அழைக்கிறோம். ஒருவர் உண்மையாகவே திரும்பி வந்தால் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கணக்குப் பார்க்கிறோம்.

திருச்சபை இந்தக் கேள்வியோடு பழங்காலத்திலேயே போராடியிருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்குப் பயந்து ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். பலியிடாமலே சான்றிதழை மட்டும் விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பினார்கள். அவர்களைச் சபையில் மீண்டும் சேர்க்கவே முடியாது என்றார் ரோமின் குரு நொவாசியன். தக்க மனஸ்தாபக் காலத்துக்குப் பிறகு சேர்க்கலாம் என்றார்கள் ரோமின் ஆயர் கொர்நேலியுவும் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும். திருச்சபை சிப்ரியானின் பக்கம் நின்றது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமும், நொவாசியனின் வழிவந்த குருமார் தாய்ச்சபைக்குத் திரும்பினால், அப்படி விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் கொள்ளச் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தது. நொவாசியன் கெட்டவரல்லர், கண்டிப்பானவர். நம் கமிட்டிகளில் இருப்பவர்களும் அப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிறருக்குக் கொடுமை செய்தவரை, குறிப்பாகப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரை, இரண்டாம் வாய்ப்பு என்ற பெயரில் பழைய நாற்காலியில் உட்காரவைப்பது மகாபாவம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் எழுந்து நின்றான். பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காத இடத்தில் புதுப்பித்தலைப் பற்றிப் பேச நமக்கு வாய் கிடையாது. ஆனால் எங்கள் கடைசி வரிசைக்காரர் கேட்பது பதவியையோ பணப்பெட்டிச் சாவியையோ அன்று. பாமாலையில் அடிக்குரல் பாடக் கேட்கிறார்.

பவுல் மாறினார். கொலோசெயருக்கு எழுதும்போது, மாற்கு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மரணம் நெருங்கிவிட்டது என்று தெரிந்த நிலையில், உடன் ஊழியனான தேமா விட்டுப் போய்விட்டான் என்று வருந்திவிட்டு, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். விட்டுப் போனவன் என்று அவர் தள்ளிய அதே மாற்கு!

பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு சுவிசேஷம் எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் பப்பியாஸ் சொல்லும் மரபு. இயேசுவின் கல்லறையில் தூதன், "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்" சொல்லுங்கள் என்கிறான். இயேசுவை மறுதலித்தவனைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த வார்த்தை நான்கு சுவிசேஷங்களில் மாற்குவில் மட்டுமே இருக்கிறது. விழுந்து எழுந்த ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதியது. அந்தப் பக்கத்தில் நேற்றிரவு நெடுநேரம் கண் நிலைத்துவிட்டது.

இன்று காலை பாடகர் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசைக்காரருக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்றார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. ஐந்தரைக்குக் கடைசி வரிசைக்காரர் வீட்டுக்குப் போகிறேன்.