வலி மரத்தால் அழற்சி ஆறிவிடாது

லிக்னோகைன் என்ற மரப்பு ஊசி மருந்துக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்ற ஆய்வுகளைக் காட்டி, இதயத்தைச் சுற்றியுள்ள பையான இதய உறையின் அழற்சிக்கே அதை மருந்தாக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சோதனைக் குழாயில் அது வெள்ளணுக்களின் சீற்றத்தை அடக்குவது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகள் பலவற்றில் ஊற்றிய அளவு, மனித ரத்தம் தாங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறிகள் தலைகாட்டலாம்: உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, பிறகு வலிப்பு. முற்றினால் இதயமே நின்றுபோகும்.

அதன் உண்மையான இடம், உறையில் கோத்த நீரை எடுக்க ஊசி இறக்கும் நேரம். 1 சதவீத லிக்னோகைனில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் உச்சவரம்பு என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 27 மில்லிலிட்டர். தோலிலிருந்து உறை வரை மரக்க 10 மில்லிலிட்டரே பெரும்பாலும் போதும். ஒவ்வொரு முறை மருந்தைச் செலுத்தும் முன்பும் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் அழுத்தி இதயம் தளர்ந்திருந்தால் கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறையும். லிக்னோகைனைச் சிதைப்பது கல்லீரல்தான். ஆகவே இந்த நோயாளிக்கு உச்சவரம்பை நெருங்கவே கூடாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் உறவுகளே, நம் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசுலு-நடாலில் இதய உறையில் நீர் என்றால் முதல் சந்தேகம் டிபி எனும் காசநோய்தான், எச்.ஐ.வி. இருந்தால் இன்னும் கூடுதலாக. எடுத்த நீர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும், டிபியில் கூடும் ஏடிஏ என்ற நொதியின் அளவை அறியவும் போயாக வேண்டும். உறை நீரில் கிருமி குறைவாக இருப்பதால் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பது டிபி இல்லை என்பதற்குச் சான்றாகாது. டிபி என்றால் ரிஃபாம்பிசின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் 2 மாதம், அடுத்த 4 மாதம் இரண்டு மருந்துகள்.

மரப்பு மருந்து இருக்கட்டும், அழற்சியை அடக்கும் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டே டிபியால் வரும் இதய உறை அழற்சியில் ஓரளவுதான் கைகொடுத்தது. கேப் டவுனின் பேராசிரியர் போங்கானி மயோசி தலைமையில் 1400 நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இறப்பு, நீர் இதயத்தை அழுத்துவது, உறை தடித்து இதயத்தை இறுக்குவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. உறை இறுக்கம் மட்டும் 7.8 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்தது. எச்.ஐ.வி. தொற்றியவர்களிடம் புற்றுநோய் கூடியதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது.

படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் குறையும் நெஞ்சுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் வலிமாத்திரையோடு நிற்காதீர்கள். எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.