ஹோம்கிரனுக்குச் சிறந்த புதுமுக வீரர் விருது மறுக்கப்பட்டதா? பரவும் செய்தி தவறு

"2022 டிராஃப்டில் வந்தவர் என்பதால் செட் ஹோம்கிரனைப் புதுமுகமாகவே ஏற்கவில்லை. அதனால்தான் வெம்பன்யாமாவுக்கு விருது கிடைத்தது" என்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யின் 2023-24 சீசன் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஹோம்கிரன் 2022 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. அந்த ஆகஸ்டிலேயே வலது பாதத்தில் காயம்பட்டு, 2022-23 சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதனால் என்பிஏ விதிப்படி 2023-24தான் அவருக்கு முதல் சீசன். பிளேக் கிரிஃபின் (2011), பென் சிம்மன்ஸ் (2018) இருவரும் இப்படி ஒரு வருடம் தள்ளி ஆட வந்துதான் இதே விருதை வாங்கினார்கள்.

ஹோம்கிரனும் போட்டியில் இருந்தார், இரண்டாம் இடம் பிடித்தார். முதலிட வாக்குகள் 99-ம் வெம்பன்யாமாவுக்கே. அவருக்குச் சராசரியாக ஆட்டத்துக்கு 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பந்தைக் கைப்பற்றுவது), 3.6 பிளாக் (எதிரணியின் எறிதலைத் தடுப்பது); ஹோம்கிரனுக்கு முறையே 16.5, 7.9, 2.3.

அதற்காக ஹோம்கிரனைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 82 ஆட்டங்களிலும் இறங்கினார், மூன்று புள்ளி எறிதலில் 37 சதவீதம் (வெம்பன்யாமா 32.5). அவருடைய ஒக்லஹோமா அணிக்கு 57 வெற்றி, வெம்பன்யாமாவின் சான் அன்டோனியோவுக்கு வெறும் 22. யார் சிறந்தவர் என்று தாராளமாக வாதிடலாம். ஆனால் நடக்காத அநீதியைச் சொல்லி வேண்டாம்.

வாக்கு விவரம் என்பிஏ இணையதளத்திலும், புள்ளிவிவரம் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்திலும் இருக்கின்றன. பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.