ஜாகாவின் மகன் பார்த்த பேய்ப்படம்

போன சனிக்கிழமை இரவு பினாங்கு ஆயிர் ஈத்தாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய பதின்மூன்று வயது மகளின் நச்சரிப்புத் தாங்காமல் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்’ படத்தை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். 2023 அக்டோபரில் வெளிவந்த படம் அது; 2025 டிசம்பரில் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. ஊரே பேசி ஓய்ந்த பிறகு வந்து பேசுகிறேன் என்பது தெரிந்தாலும், நான்கு நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருப்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் பாகத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன், முடிவையும் சேர்த்துத்தான். பார்க்காதவர்கள், பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள், இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு பீட்சா உணவகம். அங்கே ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு முன் ஆடிப் பாடிய கரடி, முயல், கோழி, நரி ஆகிய இயந்திர பொம்மைகள். கூடவே ஒரு மஞ்சள் கரடி. அவற்றுக்குள் 1980களில் காணாமல்போன ஐந்து பிள்ளைகளின் ஆவிகள். அந்தக் கட்டடத்துக்கு இரவுக் காவலுக்கு வருகிறான் மைக். அவனுக்கு ஆபி என்று ஒரு சின்னத் தங்கை. சிறு வயதில் நெப்ராஸ்காவில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது அவன் கண்ணெதிரிலேயே தம்பி காரெட்டை எவனோ கடத்திக்கொண்டு போய்விட்டான். அந்த எவனோ யார் என்பதைக் கனவுக்குள் போய்த் தேடுவதே மைக்கின் வாழ்க்கையாக இருக்கிறது.

இந்தப் படத்தை நான் மற்றவர்களைப்போல் பார்க்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஜாகாவாக, அதாவது இரவுக் காவலாளியாக, வேலை பார்த்தவர். தோல் உறை போட்ட உருண்டையான ஒரு கடிகாரத்தை வாரில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இரவு முழுவதும் சுற்றுவார். தொழிற்சாலையின் ஆறு மூலைகளில் ஆறு சாவிகள் சங்கிலியில் தொங்கும். ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வொரு மூலைக்கும் நடந்துபோய், அந்தச் சாவியைக் கடிகாரத்துக்குள் விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் காகிதத்தில் ஒரு குறி விழும். காலையில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைத் திறந்து காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு முறை இரண்டு மணிச் சுற்றில் நான்காவது சாவியின் குறி விழவில்லை. அப்பா சாக்கடையில் கால் இடறி விழுந்து, கணுக்கால் பிசகி, அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். மேற்பார்வையாளர் முதலில் கேட்டது குறி ஏன் இல்லை என்பதைத்தான். கால் எப்படி இருக்கிறது என்பதைப் பிறகுதான் கேட்டார். அதை நினைத்து அப்பா பல வருடம் பொருமியிருக்கிறார். ஆனாலும் கேட்டார்கள். ஒரு குறி விழவில்லை என்றால் அங்கே ஓர் ஆள் விழுந்து கிடக்கிறான் என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரிந்திருந்தது.

மைக்கோ வேலைக்கு வந்ததும் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறான். தம்பியைக் கனவில் தேடுவதற்காகத்தான் என்று படம் காரணம் சொல்கிறது. உணர்ச்சிக்கு அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்துக்கு மூலமான விளையாட்டில், ஸ்காட் காத்தன் 2014இல் உருவாக்கிய அந்த விளையாட்டில், பயமே விழித்திருப்பதில்தான் இருக்கிறது என்று அக்கா மகள் விளக்கினாள். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை காவலாளி ஓர் அறையில் உட்கார்ந்து கேமராவில் பொம்மைகளைக் கண்காணிக்க வேண்டும். கதவை மூடினாலும் விளக்கைப் போட்டாலும் மின்சாரம் குறையும்; மின்சாரம் தீர்ந்தால் கதை முடிந்தது. ஐந்து இரவுகளைத் தாண்டினால் கையில் கிடைப்பது 120 டாலர் காசோலை. இந்த ஒரு விதியிலேயே முதலாளியின் கஞ்சத்தனம், கூலிக்காரனின் பயம், விடியலுக்கான ஏக்கம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. கையில் வைத்திருந்த இந்தக் கருப்பட்டியைப் படம் எடுத்தவர்கள் ஏன் கீழே போட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பொம்மைகள் காவலாளியைக் கொல்வதற்கு விளையாட்டில் ஒரு காரணமும் சொல்லப்படுகிறதாம்: இரவு நேரத்தில் மனிதனைப் பார்த்தால், உறை மாட்டாமல் திரியும் இயந்திர எலும்புக்கூடு என்று அவை நினைத்துக்கொண்டு, பிடித்து உறைக்குள் திணிக்கும். அபத்தமான காரணம்தான், ஆனாலும் காரணம். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு காவலாளி குரூரமாகக் கொல்லப்படுகிறான். அடுத்து வந்த மைக் மட்டும் பல இரவுகள் நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். ஏன் இந்த வேறுபாடு என்று படம் சொல்லவில்லை.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் கேட்கப்போவதில்லை. பாயான் லெப்பாஸில் காற்றழுத்த சிலிண்டர்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். இத்தகைய உணவக பொம்மைகளின் பழைய தலைமுறை, அழுத்தக் காற்றில் இயங்கியது. 1977இல் சான் ஹோசேயில் நோலன் புஷ்னல் திறந்த முதல் பீட்சா அரங்கிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. காற்றுக் குழாயைக் கழற்றினால் கை தூக்கியபடியே நின்றுவிடும். குழாயும் இல்லாமல், கம்பிரஸரும் இல்லாமல், பல ஆண்டுகள் எண்ணெய் காணாத மூட்டுகளோடு இவை ஓடுகின்றன என்றால், சரி, ஆவி ஓட்டுகிறது என்று ஏற்றுக்கொண்டேன். ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்த அந்த உருவங்கள் கணினிச் சித்திரமாக இல்லாமல் கண்முன்னே கனமாக நிற்பதால், ஏற்றுக்கொள்வது கடினமாகவும் இல்லை. போட்டவனையே உள்ளிருக்கும் உலோகப் பற்கள் குத்திக் கொல்லக்கூடிய முயல் உடையை, அது அப்படிச் செய்யும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவன், பராமரிப்பே இல்லாமல் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொள்கிறானே என்று மட்டும் ஒரு முறை தலையில் அடித்துக்கொண்டேன்.

பேயிடம் நான் கணக்குக் கேட்பதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. தொழிற்சாலை வாசலில் இருந்த முனீஸ்வரனுக்கு வெள்ளிக்கிழமை ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைத்துவிட்டு, ‘சுத்திட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். நான் கணக்குக் கேட்பது மனிதர்களிடம். இந்தப் படத்தின் ஓட்டைகள் பேய் வரும் காட்சிகளில் இல்லை. பேய் போன பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்ற இடத்தில்தான் இருக்கின்றன.

மாக்ஸ் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மைக் வேலைக்குப் போகும் இரவுகளில் ஆபியைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஆபியின் வளர்ப்புரிமையைப் பிடுங்கிக்கொள்ளத் துடிக்கும் அத்தை ஜேன், மைக்கின் வேலையைப் பறிப்பதற்காக மாக்ஸின் அண்ணனையும் அவன் கூட்டாளிகளையும் அனுப்பி அந்த உணவகத்தை அடித்து நொறுக்கச் சொல்கிறாள். மாக்ஸும் கூடவே போகிறாள். ஒருவரும் திரும்பி வரவில்லை. மாக்ஸைக் கரடி இரண்டாகக் கடித்துவிடுகிறது. இதற்குப் பிறகு என்ன நடக்கிறது? எதுவுமே நடக்கவில்லை. வழக்கமாக வரும் பெண் வரவில்லையே என்று மைக் தேடிப் போவதில்லை. தங்கையைக் கையோடு வேலைக்கு அழைத்துப்போகிறான், அவ்வளவுதான். ஆட்களை அனுப்பிய ஜேன், போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பதறுவதாகவும் தெரியவில்லை. மாக்ஸுக்கும் அவள் அண்ணனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா? ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் காணாமல்போனால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்துப்பாருங்கள். பொழுது விடிவதற்குள் போலீஸ் நிலையத்தில் புகார் போயிருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் படம் சுற்றியிருக்கும். கோயில் வாசலில் நிற்பவர் வரை விசாரிக்கத் தொடங்கியிருப்பார். காணாமல்போன பிள்ளைகளைப் பற்றியே எடுக்கப்பட்ட ஒரு படம், தன் கதைக்குள் காணாமல்போகிறவர்களை மட்டும் குப்பையைப்போல் கூட்டித் தள்ளிவிடுகிறது. ஜேனுக்கும் அதே கதிதான். மஞ்சள் கரடி ஆபியை அழைத்துப்போக வீட்டுக்கு வரும்போது ஜேன் தரையில் கிடப்பதைக் காட்டுகிறார்கள். செத்துவிட்டாளா, மயக்கமா? வளர்ப்புரிமை வழக்கு என்று அவ்வளவு நேரம் ஓட்டினீர்களே, அது என்ன ஆனது?

அடுத்தது, மைக்கை இந்தக் காவல் வேலைக்கு அனுப்பிய வேலைவாய்ப்பு ஆலோசகர் ஸ்டீவ் ராக்லன். அவர்தான் கொலைகாரன் வில்லியம் ஆஃப்டன் என்பது கடைசியில் தெரிகிறது. காரெட்டைக் கொன்றவனும் அவனே. மேத்யூ லில்லார்ட் அந்த முதல் காட்சியில் மைக்கின் பெயரைப் படித்ததும் ஒரு கணம் நிதானிப்பது அருமையான நடிப்பு; மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆனால் யோசித்தால் கதை ஆட்டம் காண்கிறது. தான் கொன்ற பிள்ளையின் அண்ணன், அத்தனை பெரிய நாட்டில், தற்செயலாகத் தன் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறான். கதையின் தொடக்கத்தில் ஒரு தற்செயலைப் பார்வையாளன் மன்னித்துவிடுவான். ஆனால் இது தற்செயல் என்பதையே கடைசியில்தான் நமக்குச் சொல்கிறார்கள், மன்னிக்க நேரமே கொடுக்காமல். அதைவிடப் பெரிய கேள்வி: ஐந்து சடலங்களை ஒளித்துவைத்திருக்கும் கட்டடத்துக்கு, மாதத்துக்கு ஒரு புது ஆளைக் காவலுக்கு அனுப்புகிற கொலைகாரன் எப்படிப்பட்ட புத்திசாலி? பூட்டுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. அவன் ஏன் பிள்ளைகளைக் கொன்றான் என்பதற்கும் படத்தில் ஒரு வரி இல்லை. கெட்டவன், அதனால் கொன்றான் என்று விட்டுவிடுகிறார்கள்.

வனெஸ்ஸாவைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அவள் போலீஸ்காரி, ஆஃப்டனின் மகள், எல்லாம் தெரிந்தவள். அப்பாவுக்குப் பயந்து வாய்மூடி இருந்தாள் என்பதை என்னால் நம்ப முடிகிறது. அப்பாவுக்குப் பயந்த வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அங்கே வயது ஏறினாலும் பயம் இறங்குவதில்லை. கடைசியில் அவள் எதிர்த்து நின்று கத்திக்குத்து வாங்கி நினைவிழந்து கிடப்பதும் அந்தப் பயத்துக்கு நியாயம் செய்கிறது. ஆனால் படம் அந்த ஆவிகளின் மனத்தை மாற்றும் வழி என்று எதைக் காட்டுகிறது? ஒரு சித்திரத்தை. ஆஃப்டன் உடையாக மாட்டிக்கொண்டு வரும் மஞ்சள் முயலைத் தங்கள் நண்பன் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அந்த முயல்தான் உங்களைக் கொன்றது என்று ஆபி கிரேயானால் வரைந்து சுவரில் ஒட்டுகிறாள். பொம்மைகள் உடனே ஆஃப்டனுக்கு எதிராகத் திரும்பிவிடுகின்றன. இத்தனை எளிதா? அந்தக் கட்டடத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த வனெஸ்ஸாவுக்கு, ஆள் இல்லாத ஓர் இரவில் ஒரு தாளும் ஒரு வண்ணக்குச்சியும் கிடைக்கவில்லையா? அப்பாவின் முகத்துக்கு நேரே நிற்க வேண்டியதில்லை, வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. வரைந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தால் முதல் காவலாளி பிழைத்திருப்பான், மாக்ஸ் பிழைத்திருப்பாள். தீர்வை எளிமையாக்கிக்கொண்டால், அதை முன்பே செய்யாதவர்கள் எல்லோரும் குற்றவாளிகளாகிவிடுவார்கள் என்பதைத் திரைக்கதை எழுதியவர்கள் கவனிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்கூட விட்டுவிடுவேன். என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்த ஐந்து பிள்ளைகளின் உடல்கள் இன்னும் பொம்மைகளுக்குள்தான் இருக்கின்றன. போலீஸ் தேடியும் கிடைக்காத உடல்கள் எங்கே இருக்கின்றன என்பது மைக்குக்குத் தெரிந்துவிட்டது. கொலைகாரனும் ஒழிந்தான். இனி ஒரு போன் செய்ய வேண்டியதுதானே? அந்த ஐந்து வீடுகளில் இத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இருப்பார்களே? படத்தின் முடிவில் ஆபி தன் நண்பர்களை மறுபடி போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிறாள், மைக் மறுக்கவில்லை. சடலங்களைப் பொம்மைக்குள் விட்டுவிட்டு விளையாடப் போவதா? நம் வீடுகளில் எட்டாம் துக்கமும் பதினாறாம் நாள் கருமக்கிரியையும் முடியாமல் ஓர் உயிர் அடங்காது என்பார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவரும்கூட உடலைக் கேட்பார், எடுப்பார், மண்ணிலோ நெருப்பிலோ சேர்ப்பார். ஆவிகள் ஏன் அலைகின்றன என்பதற்கு எந்தப் பாட்டியும் சொல்லக்கூடிய பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இந்தப் படம் அதைத் தொடவில்லை.

காரெட் விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. வாழ்க்கை முழுவதும் ‘யார்’ என்று மட்டுமே தேடிய மைக்குக்கு அந்தக் கொலைகாரனே எதிரில் வந்து நின்று நான்தான் என்று சொல்கிறான். மைக் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது ‘எங்கே’ என்ற ஒரே சொல். என் தம்பியை எங்கே போட்டாய்? அந்தச் சொல் வரவே இல்லை. நெப்ராஸ்காவில் எந்த மரத்தடியில், எந்த ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளை கிடக்கிறது என்று படம் நமக்கும் சொல்லவில்லை, அண்ணனுக்கும் சொல்லவில்லை. ஆஃப்டன் ஏன் நெப்ராஸ்காவுக்குப் போனான் என்பதும் அதோடு போயிற்று.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னபோது அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மாமா, கேம் விளையாடுனவங்களுக்கு இதெல்லாம் தெரியும், நீங்க புதுசு’ என்றாள். சுமார் 2 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 29 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததையும் கைப்பேசியில் காட்டினாள். விடுகதைக்கான விடையை வேறு ஒரு கடையில் விற்கிறார்கள் என்றால், நான் இந்தக் கடையில் கொடுத்த காசு எதற்கு என்று கேட்டேன். அவள் மைலோவை உறிஞ்சிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, நான் இவ்வளவு கேட்டும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன் என்றாள். மஞ்சள் கரடி ஆபியைக் கூட்டிக்கொண்டு உணவகத்துக்குப் போனது டாக்சியில். காற்றழுத்த சிலிண்டர் பழுதுபார்க்கிறேன் என்று பெருமைப்படும் மாமா, அவ்வளவு கனமான இரும்புக் கரடி பின்னிருக்கையில் உட்கார்ந்தும் டாக்சி எப்படி நகர்ந்தது என்று ஏன் கேட்கவில்லை என்றாள்.